குண்டூசி விழும் சத்தம் கேட்டால் போதுமா? தலைமையாசிரியர்களுக்கும் ஆய்வு அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தொடக்கப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும், வகுப்பைப் பார்வையிட வரும் கல்வி அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

நீங்கள் வகுப்பைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிடுகிறீர்கள். வராந்தாவில் நடந்து வரும்போதே எந்த அறையில் சத்தம், எந்த அறையில் அமைதி என்று உங்கள் காது கணக்கெடுத்துவிடும். உள்ளே காலெடுத்து வைக்கும்போது பாதித் தீர்ப்பு முடிந்திருக்கும். பிள்ளைகள் சட்டென்று எழுந்து நின்று ஒரே குரலில் வணக்கம் சொல்லிவிட்டால் மீதிப் பாதியும் முடிந்தது. அப்புறம் படிவத்தில் ஒரு வரி எழுதுகிறீர்கள்: ‘வகுப்புக் கட்டுப்பாடு நன்று’ அல்லது ‘வகுப்புக் கட்டுப்பாட்டில் கவனம் தேவை’. இந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவள். சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறிலிருந்து பத்து வயது வரையிலான பிள்ளைகளின் நடத்தையை ஒழுங்கு செய்வது, பாடம் தொடங்குவதற்கு முன் முடித்துவிட வேண்டிய காவல் வேலை கிடையாது. பாடம் நடத்தும் வேலைக்குள்ளேயே அது இருக்கிறது. பிள்ளை வாயை மூடியிருக்கிறதா என்று பார்த்தால் அது உங்களுக்குத் தெரியாது. பிள்ளை கையில் என்ன வேலை இருக்கிறது, அந்த வேலை அதற்கு முடிகிறதா என்று பார்த்தால் தெரியும். நீங்கள் முதலாவதைப் பார்த்து மதிப்புப் போடுவதால், ஆசிரியர்களும் முதலாவதையே தயார் செய்து வைக்கிறார்கள்.

ஒரு மூன்றாம் வகுப்பைப் பாருங்கள். கணக்குப் பீரியட். கரும்பலகையில் பத்துக் கழித்தல் கணக்குகள். மூச்சுக்கூடக் கேட்கவில்லை. ஜன்னலோரத்துப் பெண் நோட்டைத் திறந்து தேதி எழுதுகிறாள். அளவுகோல் வைத்து ஓரக்கோடு போடுகிறாள். கோடு சாய்ந்துவிட்டது, அழித்து மறுபடி போடுகிறாள். பென்சில் மழுங்கிவிட்டது, நிதானமாகச் சீவுகிறாள். இதற்குள் ஏழெட்டு நிமிடம் போய்விட்டது. முதல் கணக்கு, 52இலிருந்து 27. அவளுக்குக் கடன் வாங்கத் தெரியாது. இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 35 என்று எழுதுகிறாள். அடுத்த கணக்கும் அதே வழியில். பீரியட் முடியும்போது நோட்டு அழகாக இருக்கிறது, கடன் வாங்க வேண்டிய கணக்கு அத்தனையும் தப்பு. அவள் பேசவில்லை, யாரையும் கிள்ளவில்லை, இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. உங்கள் படிவம் அவளை நல்ல பிள்ளை என்கிறது.

அடுத்த அறையில் இரண்டு பையன்கள் சத்தமாக வாக்குவாதம் செய்கிறார்கள். ஒருவன் 25 என்கிறான், இன்னொருவன் 35 என்கிறான். பத்துக் குச்சிக் கட்டு ஒன்றை அவிழ்த்து, எண்ணி, பாதியில் எண்ணிக்கை தவறி, மறுபடி எண்ணுகிறார்கள். நீங்கள் வராந்தாவில் கேட்ட சத்தம் இவர்களுடையது.

உடனே, இந்த அம்மா பிள்ளைகளை அவிழ்த்துவிடச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அமளி நடக்கும் வகுப்பில் யாரும் படிக்க முடியாது; அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முன்வரிசையில் ஒருவன் பென்சில் பெட்டியைத் தட்டிக்கொண்டே இருந்தால், பின்வரிசையில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு வாக்கியம் கைநழுவிப் போகும். ஒழுங்கு வேண்டும். அந்த ஒழுங்கு எதற்கு என்பதில்தான் நமக்குள் கருத்து வேறுபாடு.

1970களில் கலிஃபோர்னியாவில் இரண்டாம், ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. வாசிப்புக்கும் கணக்குக்கும் கால அட்டவணையில் எவ்வளவு நேரம் ஒதுக்கப்படுகிறது, அதில் பிள்ளைகள் உண்மையில் எவ்வளவு நேரம் வேலையில் ஈடுபடுகிறார்கள், அப்படி ஈடுபடும் நேரத்திலும் எவ்வளவு நேரம் பெரும்பாலும் சரியாகச் செய்கிறார்கள் என்று மூன்று அடுக்காகப் பிரித்துப் பார்த்தார்கள். கற்றலோடு நெருங்கிய தொடர்பு மூன்றாவது அடுக்குக்கே இருந்தது. முதல் அடுக்கு அலுவலகச் சுவரில் தொங்குகிறது. இரண்டாவதை மனது வைத்தால் கண்ணால் பார்த்துவிடலாம். மூன்றாவதைப் பார்க்க வேண்டுமானால் குனிந்து நோட்டைப் பார்க்க வேண்டும். ஜன்னலோரத்துப் பெண் இரண்டாவது அடுக்கில் தேறி மூன்றாவதில் விழுந்தவள். வராந்தாவிலிருந்து கேட்டால் மூன்று அடுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஒழுங்கு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு ஆய்வுலகம் பதில் தேடிய கதை சுவாரசியமானது. ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கூனின் அவரைக் கண்டித்தார். கண்டிக்கப்பட்டவரை விட மற்றவர்களிடம் அதிக மாற்றம் தெரிந்தது. எல்லோரும் விறைப்பாகி நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். சரி, எப்படிக் கண்டித்தால் வகுப்பு நன்றாக நடக்கும் என்று கண்டுபிடித்துவிடலாம் என இறங்கினார். தொடக்கப் பள்ளி வகுப்புகளைப் படம் பிடித்துத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். கண்டிக்கும் விதத்துக்கும் வகுப்பு ஒழுங்காக நடப்பதற்கும் சொல்லிக்கொள்ளும்படியான தொடர்பு அகப்படவில்லை. நல்ல வகுப்பும் மோசமான வகுப்பும் வேறுபட்டது தப்பு நடப்பதற்கு முந்தைய நிமிடங்களில். 1970இல் வந்த அவருடைய நூலின் சாரம் இதுதான்.

அந்த முந்தைய நிமிடங்களில் அப்படி என்ன இருக்கிறது? ஒரு பிள்ளையின் நோட்டைத் திருத்திக்கொண்டே மூலையில் நடப்பதையும் கவனிப்பது. தப்பு இரண்டு பேருக்குப் பரவுவதற்குள், அதுவும் சரியான ஆளை, பார்வையாலேயே நிறுத்துவது. பாடத்தின் நடுவில் ‘ஆமாம், நேற்றுப் பணம் கொண்டு வராதவர்கள் யார்?’ என்று கேட்டு ஓட்டத்தை அறுக்காமல் இருப்பது. நாற்பது பேரும் ஒரே நேரத்தில் செய்ய முடிந்த ஒன்றை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் செய்ய வைத்து மற்றவர்களைக் காக்க வைக்காமல் இருப்பது. நல்ல ஓட்டுநர் மேடு வருவதற்கு முன்பே கியரை மாற்றிவிடுவார். பயணிகளுக்கு மேடு ஏறியதே தெரியாது. இந்தத் திறமை உள்ள ஆசிரியரின் வகுப்பில் நீங்கள் உட்கார்ந்தால் ‘இந்தப் பிள்ளைகள் இயல்பிலேயே அடக்கமானவர்கள்’ என்று எழுதிவிட்டுப் போவீர்கள். அதே பிள்ளைகளை அடுத்த பீரியடில் வேறொருவரிடம் போய்ப் பாருங்கள்.

இப்போது உங்கள் பக்கம் வருகிறேன். பாடத்தின் ஓட்டத்தை அதிகம் அறுப்பது யார்? சுற்றறிக்கை நோட்டு. வாய்ப்பாடு உச்சத்தில் இருக்கும்போது கதவருகே ஒருவர் வந்து நிற்பார். ஆசிரியர் வாசித்துக் கையெழுத்துப் போட்டு நிமிர்வதற்குள் வகுப்பு நான்காகப் பிரிந்திருக்கும். அவர் போன பத்தாவது நிமிடம் ஒலிபெருக்கி. அப்புறம், போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்கள் உடனே மைதானத்துக்கு வர வேண்டும் என்று இரண்டு பெரிய பிள்ளைகள். ஒவ்வொரு தடவையும் விட்ட இடத்துக்குத் திரும்ப இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். அந்த இரண்டு மூன்று நிமிடத்தில்தான் கிள்ளலும் அழுகையும் நடக்கும். அதற்கு ஆசிரியர் பொறுப்பாவார்.

அமெரிக்காவின் ராட் ஐலண்ட் மாநிலத்தில் ப்ராவிடன்ஸ் நகரப் பொதுப்பள்ளிகளில் இதை எண்ணியே பார்த்திருக்கிறார்கள். 2021இல் வெளியான அந்த ஆய்வின் மதிப்பீட்டின்படி ஒரு சராசரி வகுப்பறை ஆண்டுக்கு 2,000 தடவைக்கு மேல் குறுக்கிடப்படுகிறது. குறுக்கீட்டையும் அதன் பின்விளைவையும் சேர்த்தால் 10 முதல் 20 பள்ளி நாட்களுக்கான கற்பித்தல் நேரம் கரைந்துவிடுகிறது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: இது எத்தனை தடவை நடக்கிறது, எவ்வளவு கெடுக்கிறது என்பதை நிர்வாகத்தில் இருப்பவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். உங்களை நோகடிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. வகுப்புக் கட்டுப்பாட்டுக்கு மதிப்புப் போடுபவரே அதைக் குலைப்பவராகவும் இருக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். அவசரமில்லாத எந்தச் செய்தியும் இடைவேளை வரை காத்திருக்கும். இதற்குப் பணம் வேண்டாம், பயிற்சி வேண்டாம், அரசாணைகூட வேண்டாம்.

ஆசிரியர் பக்கத்தில் வீணாகும் நிமிடமும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. நோட்டு விநியோகம், பக்கம் தேடல், வரிசையில் நிற்றல், ‘மிஸ், பேனாவா பென்சிலா?’ என்ற கேள்விகள். நாளைக்கு 20 நிமிடம் இப்படிப் போகிறது, ஆண்டுக்கு 200 நாள் பள்ளி என்று வைத்துக்கொண்டால் 4,000 நிமிடம், அதாவது 66 மணி நேரத்துக்கு மேல். நோட்டு எங்கே இருக்கும், யார் கொடுப்பார், வேலையை முடித்தவர் அடுத்து என்ன செய்வார் என்ற பழக்கங்கள் தெளிவாக இருந்தால் இதில் பெரும்பகுதி மிச்சமாகும். ஆனால் பழக்கத்தையும் பாடம் போலவே சொல்லிக் கொடுத்து, செய்து காட்டி, பயிற்சி கொடுக்க வேண்டும். 1980ஐ ஒட்டி எவர்ட்ஸன், எம்மர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் மூன்றாம் வகுப்பு ஆசிரியர்களை ஆண்டின் முதல் நாளிலிருந்து கவனித்தார்கள். ஆண்டு முழுக்க வகுப்பை நன்றாக நடத்தியவர்கள், முதல் சில வாரங்களில் இந்தப் பழக்கங்களுக்கே பொறுமையாக நேரம் ஒதுக்கியிருந்தார்கள்.

நம் முதல் சில வாரங்கள் எப்படிப் போகின்றன? பதிவேடு, புள்ளிவிவரம், புத்தக விநியோகம், கூட்டம். ஒன்றாம் வகுப்பு ஆசிரியரை இரண்டாவது வாரம் நான்காம் வகுப்புக்கு மாற்றுவது. தாமதமாகச் சேரும் பிள்ளைகளுக்காகப் பிரிவுகளைக் கலைத்து மறுபடி அடுக்குவது. அந்த நாட்களில் போட வேண்டிய அஸ்திவாரத்தைப் போட விடாமல் செய்துவிட்டு, அரையாண்டுத் தேர்வுக்கு முன் வந்து சுவரில் விரிசல் என்கிறீர்கள்.

கண்டிப்பைப் பற்றியும் பேச வேண்டும். அடியாத மாடு படியாது என்று இன்னும் நம்புகிறவர்கள் உங்களில் இருக்கிறார்கள். பெற்றோரில் அதைவிட அதிகம். பள்ளி ஒழுங்கு குழந்தையின் மனித மாண்புக்கு இசைந்ததாக இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, 28ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. அதனால் அடியைப் பற்றி இங்கே விவாதிக்கப் போவதில்லை. வாயால் அடிப்பதைப் பற்றிச் சொல்கிறேன்.

1968இல் மேட்சன், பெக்கர், தாமஸ் என்ற ஆய்வாளர்களும் அவர்கள் சகாக்களும் ஓர் ஒன்றாம் வகுப்பில் ஒரு காரியம் செய்தார்கள். ‘உட்கார்’ என்று ஆசிரியர்கள் சொல்லும் எண்ணிக்கையை வேண்டுமென்றே கூட்டினார்கள். இடத்தை விட்டு எழுந்து நிற்கும் பிள்ளைகள் அதிகமானார்கள். ‘உட்கார்’ என்றதும் பிள்ளை உட்காரும், உண்மைதான். ஆசிரியருக்கும் சொன்னது பலித்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் எழுந்தால் டீச்சர் நம்மைப் பார்ப்பார் என்பதையும் பிள்ளை கற்றுக்கொண்டுவிடும். உட்கார்ந்து வேலை செய்பவர்களைப் பாராட்டத் தொடங்கியதும் எழுவது குறைந்தது. 1970இல் ஓலியரி என்ற ஆய்வாளரும் சகாக்களும் வேறொன்றைப் பார்த்தார்கள்: வகுப்பு முழுக்கக் கேட்கும்படி கண்டித்தால் குறும்பு குறையவில்லை, பக்கத்தில் போய் அந்தப் பிள்ளைக்கு மட்டும் கேட்கும்படி சொன்னால் பெரும்பாலும் குறைந்தது. வராந்தா வரை கேட்கும் அதட்டலை ‘நல்ல கண்டிப்பு’ என்று நீங்கள் பாராட்டும்போது, வேலை செய்யாத கருவியைப் பாராட்டுகிறீர்கள்.

பாராட்டு என்றதும் எல்லாவற்றுக்கும் ‘வெரி குட்’ சொல்லும் காட்சி உங்கள் கண்ணில் வந்து போகும். எனக்கும் அது பிடிக்காது. அர்த்தமில்லாத பாராட்டைப் பிள்ளைகள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். நான் சொல்வது, என்ன நன்றாக இருந்தது என்று பெயர் சொல்லிக் காட்டுவது. ‘கேள்வியை முழுக்கப் படித்துவிட்டுக் கையைத் தூக்கினாய்’ என்று சொன்னால் போதும். பாடத்தில் சரியாகச் சொன்னால் ஆசிரியர்கள் தாராளமாகப் பாராட்டுகிறார்கள், ஆனால் நல்ல நடத்தையை வாய்விட்டுச் சொல்வது அபூர்வம். நடத்தை என்று வந்தால் கண்டனம்தான் அதிகம். பல நாட்டு வகுப்பறைகளைக் கவனித்தவர்கள் திரும்பத் திரும்ப இதையே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மூன்று மாநிலங்களில் தொடக்கப் பள்ளிகளைக் கவனித்து 2020இல் வெளியான ஆய்வில், கண்டனத்தோடு ஒப்பிடும்போது பாராட்டின் விகிதம் கூடக் கூடப் பிள்ளைகள் வேலையில் கவனமாக இருந்த நேரமும் கூடியது. இத்தனை பாராட்டுக்கு இத்தனை கண்டனம் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தருகிறார்களே, அந்த மாதிரி மாய எண் எதுவும் அதில் அகப்படவில்லை.

பரிசு, ஸ்டார், ஸ்டிக்கர் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். படம் வரைய ஆசையுள்ள மழலைகளிடம் ‘வரைந்தால் பரிசு’ என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துப் பார்த்த 1973ஆம் ஆண்டின் பரிசோதனையில், பின்னால் பரிசு இல்லாதபோது அவர்களுடைய வரையும் ஆசை குறைந்திருந்தது. தானாகச் செய்கிற வேலைக்குக் கூலி கொடுத்துப் பழக்காதீர்கள், அவ்வளவுதான்.

‘நன்னடத்தை விளையாட்டு’ என்ற ஒன்று உண்டு. இந்தக் கடிதத்தின் மையமான விஷயம் இதில்தான் இருப்பதால் விவரமாகச் சொல்கிறேன். 1969இல் அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் ஒரு நான்காம் வகுப்பில் தொடங்கியது. வகுப்பை அணிகளாகப் பிரிப்பார்கள். விதிகளைத் தெளிவாகச் சொல்வார்கள். விதியை மீறினால் அணிக்கு ஒரு கோடு விழும். குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் கோடு இருக்கும் எல்லா அணியும் ஜெயிக்கலாம். ஒருவர் ஜெயிக்க இன்னொருவர் தோற்க வேண்டியதில்லை. பேசியவர் பெயரைக் கரும்பலகையில் எழுதும் நம் பழக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே தனிப்பிள்ளையின் பெயர் நாள் முழுக்கத் தொங்குவதில்லை. எல்லாம் தேனும் பாலுமாக ஓடியது என்று சொல்ல மாட்டேன். அந்த முதல் வகுப்பிலேயே இரண்டு பிள்ளைகள் ‘நாங்கள் ஆட மாட்டோம்’ என்று முரண்டு பிடித்தார்கள்; அவர்களை அணியிலிருந்து பிரித்து வைக்க வேண்டியதாயிற்று. வகுப்பு நடத்திய யாருக்கும் அந்த இருவரை நன்றாகவே தெரியும்.

1985இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து ஒன்றாம் வகுப்புகளில் ஷெப்பர்ட் கெல்லம் என்ற ஆய்வாளரின் குழுவினர் இந்த விளையாட்டைப் பெரிய அளவில் சோதித்தார்கள். சில வகுப்புகளில் விளையாட்டு மட்டும். வேறு சில வகுப்புகளில், ஒரு படியில் தேறிய பிறகே அடுத்த படிக்குப் போகும் வாசிப்புக் கற்பித்தல் மட்டும். விளையாட்டு முரட்டுத்தனத்தைக் குறைத்தது, வாசிப்பை உயர்த்தவில்லை. வாசிப்புத் திட்டம் வாசிப்பை உயர்த்தியது, முரட்டுத்தனத்தைக் குறைக்கவில்லை. ஒவ்வொன்றும் தன் வேலையை மட்டும் பார்த்தது. 1993இல் தொடங்கிய அடுத்த சுற்றில் இரண்டையும் ஒரே வகுப்பில் சேர்த்தார்கள். அந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை மேல்நிலைப் பள்ளி முடியும் வரை பின்தொடர்ந்ததில், அவர்கள் மற்றவர்களை விடத் தேர்வில் நன்றாகச் செய்ததும், பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்குப் போகும் வாய்ப்பு அதிகமாக இருந்ததும் 2009இல் வெளியாயிற்று.

அலுவலர்களே, உங்கள் படிவத்தில் நடத்தை ஒரு கட்டம், கற்பித்தல் ஒரு கட்டம். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு. அடங்கிய வகுப்பு தானாகப் படித்துவிடாது என்பதைப் பால்டிமோரின் முதல் சுற்று காட்டுகிறது. நல்ல பாடத்திட்டம் தானாக வகுப்பை அடக்கிவிடாது என்பதையும் அதே சுற்று காட்டுகிறது. சேர்த்துப் பார்க்க வேண்டியவற்றைத் தனித்தனியாக மதிப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு மறுபுறமும் உண்டு. படிக்க முடியாததே பல பிள்ளைகளின் சேட்டைக்கு வேர். உரக்க வாசிக்கும் பீரியடில் கொஞ்சம் உன்னிப்பாகப் பாருங்கள். வரிசையாக ஆளுக்கு ஒரு பத்தி. ஒரு பையன் வாசிப்பவரைக் கவனிக்கவே மாட்டான். தன் முறை வர இன்னும் எத்தனை பேர் என்று தலைகளை எண்ணிக்கொண்டிருப்பான். மூன்று பேர் இருக்கும்போது கீழே ரப்பரைத் தேடுவான். இரண்டு பேர் இருக்கும்போது சுண்டுவிரலைக் காட்டி வெளியே போக அனுமதி கேட்பான். அனுமதி கிடைக்காவிட்டால் பக்கத்துப் பையன் தொடையில் ஒரு கிள்ளு. அவன் அலறுவான். இவனை எழுப்பி வெளியே நிறுத்துவார்கள். இவன் முறை தாண்டிப் போயிற்று. வெளியே நிற்பது இவனுக்குத் தண்டனையா, விடுதலையா? நாற்பது பேர் முன்னால் மக்கு என்று தெரிவதைவிடச் சேட்டைக்காரன் என்று பெயர் வாங்குவது எட்டு வயதில் எவ்வளவோ மேல். அமெரிக்காவில் மழலை வகுப்பிலிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பின்தொடர்ந்த தேசியத் தரவை வைத்து 2008இல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது: ஒன்றாம் வகுப்பில் வாசிப்பில் தடுமாறியவர்களிடம் மூன்றாம் வகுப்பில் நடத்தைச் சிக்கல் வருவதற்கான வாய்ப்பு அதிகம்.

ஆகவே ஒரு பிள்ளையைப் பற்றிப் புகார் வந்து பெற்றோரைக் கூப்பிடச் சொல்லும் முன், அந்த வகுப்புப் பாடத்தில் ஒரு பத்தியை அதைத் தனியாக வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். கரும்பலகை எழுத்து கடைசி வரிசையிலிருந்து தெரிகிறதா என்று கேளுங்கள். முதுகுப் பக்கமிருந்து மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பவில்லை என்றால் அது கீழ்ப்படியாமையாக இல்லாமல் காது சம்பந்தப்பட்டதாகவும் இருக்கலாம். சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருக்கும் பிள்ளைக்குப் பாதிச் சொல் கேட்கும், பாதி கேட்காது. அது வேண்டுமென்றே செய்வது போலவே இருக்கும். ஐந்து நிமிட வேலை இது.

இடைவேளையைப் பிடுங்குவது பற்றிச் சுருக்கமாக. வேலையை முடிக்காதவன், பேசியவன், அடங்காதவன் எல்லோருக்கும் நம்மிடம் இருப்பது ஒரே மருந்து: ‘உனக்கு இன்டர்வெல் கிடையாது.’ அதிகம் ஓட வேண்டிய பிள்ளையைத்தான் உட்கார வைக்கிறோம். அடுத்த பீரியடில் அவன் எப்படி இருப்பான் என்று ஊகிக்க ஆய்வு எதற்கு? ஆனாலும் இருக்கிறது: நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் 1998இல் செய்த ஆய்வில், இடைவேளை விட்ட நாட்களில் பிள்ளைகள் அதிகமாக வேலையில் இருந்தார்கள், குறைவாக நெளிந்தார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2013இல் தண்டனைக்காகவோ பாடத்துக்காகவோ இடைவேளையைப் பறிக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சொன்னது. உங்கள் பள்ளியில் இதை ஒரு எழுத்துப்பூர்வ விதியாக்குங்கள்.

சுவர் அலங்காரம்! பார்வைப் படிவத்தில் இதற்கும் ஒரு கட்டம் உண்டு என்பதால், நீங்கள் வருவதற்கு முந்தைய நாள் மாலை நாங்கள் சார்ட் ஒட்டிக்கொண்டிருப்போம். 2014இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் 24 மழலைகளை வெறும் சுவர் உள்ள அறையிலும் படங்கள் நிறைந்த அறையிலும் மாற்றி மாற்றி உட்காரவைத்து அறிவியல் பாடம் நடத்தினார்கள். படங்கள் நிறைந்த அறையில் 38.6 சதவீத நேரம் கவனம் சிதறியது. வெறும் சுவரில் 28.4. தேர்வில் சரியான விடை முன்னதில் 42 சதவீதம், பின்னதில் 55. ஒரு சிறிய ஆய்வுதான், இதை வைத்து எல்லாவற்றையும் கிழித்துப் போடச் சொல்லவில்லை. அன்றைய பாடத்துக்கு வேண்டியதை மட்டும் மாட்டிவைத்த ஆசிரியருக்கு மதிப்பைக் குறைக்காதீர்கள் என்கிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஓர் அறையில் எத்தனை பேரை அடைக்கிறோம் என்ற கேள்வி மிஞ்சுகிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985 முதல் 1989 வரை மழலை வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, 13 முதல் 17 பேர் உள்ள வகுப்பையும் 22 முதல் 25 பேர் உள்ள வகுப்பையும் ஒப்பிட்டார்கள். சிறிய வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முன்னால் இருந்தார்கள். அங்கே பெரிய வகுப்பு என்று சொன்னது 25 பேரைத்தான். ஆசிரியர் பணியிடங்களை நிரப்புவது உங்கள் எல்லோர் கையிலும் இல்லை என்று தெரியும். ஆனால் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளைப் பெருக்கவிட்டு ஐந்தாம் வகுப்பைச் சிறியதாக வைப்பதா, அதை மாற்றிப் போடுவதா என்பது தலைமையாசிரியர் முடிவு செய்யக்கூடியது. அனுபவமில்லாத புது ஆசிரியருக்கு ‘சமாளிப்பார்’ என்று ஒன்றாம் வகுப்பைக் கொடுக்கும் வழக்கமும் அப்படித்தான்.

பார்வையிட வரும் முறை பற்றி நான் கேட்பது இது. வாசலில் நிற்காமல் உள்ளே வந்து பின்வரிசையில் ஒரு இருபது நிமிடமாவது உட்காருங்கள். பிள்ளைகள் உங்களை மறக்க அவ்வளவு நேரமாகும். ஆசிரியரைப் பார்ப்பதைக் குறைத்து நான்கு பிள்ளைகளைப் பாருங்கள்; கெட்டிக்காரர் ஒருவர், நடுவாந்தரமானவர் இருவர், ஆசிரியர் கவலைப்படும் ஒருவர். நிமிடத்துக்கு ஒரு தடவை, அந்த நால்வரும் அந்த நொடியில் என்ன செய்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பாடம் முடிந்ததும் அவர்கள் பக்கத்தில் குனிந்து மூன்று கேள்விகள்: இப்போது என்ன வேலை செய்தாய்? எனக்குச் செய்து காட்டுகிறாயா? முடித்துவிட்டால் அடுத்து என்ன செய்ய வேண்டும்? நால்வரும் பதில் சொன்னால், அந்த அறையில் எவ்வளவு சத்தம் இருந்தாலும் கட்டுப்பாடு நன்று. சொல்ல முடியாவிட்டால், குண்டூசி விழும் சத்தம் கேட்டாலும் கவனம் தேவை.

அப்புறம், குறை இருந்தால் அதைப் படிவத்தில் மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். வகுப்பை நடத்தும் கலை, கூடத்தில் நூறு பேரை உட்காரவைத்து ஸ்லைடு காட்டுவதால் வராது. அதே பள்ளியில் அதை நன்றாகச் செய்பவர் ஒருவர் இருப்பார். இளைய ஆசிரியர் வாரம் ஒரு பீரியட் அவர் வகுப்பில் போய் உட்கார வழி செய்யுங்கள். அந்த நேரத்துக்கு இளையவரின் வகுப்பைத் தலைமையாசிரியர் எடுக்கலாம். தலைமையாசிரியர்களுக்கும் கொஞ்சம் சாக்பீஸ் தூசி பட்டால் நல்லதுதான்.

அடுத்த கல்வியாண்டுக்கான பார்வைப் படிவம் அச்சுக்குப் போகும் முன் மூன்று மாற்றங்களைப் பரிசீலியுங்கள். ‘வகுப்புக் கட்டுப்பாடு’ என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, வேலையில் இருந்த பிள்ளைகள் எத்தனை பேர், வேலையைச் சரியாகச் செய்தவர்கள் எத்தனை பேர் என்று இரண்டு கட்டங்கள் சேருங்கள். நீங்கள் உட்கார்ந்திருந்த நேரத்தில் வெளியிலிருந்து எத்தனை தடவை குறுக்கீடு வந்தது என்று ஒரு கட்டம். அதற்குத் தலைமையாசிரியர் பதில் சொல்லட்டும். கல்வியாண்டின் முதல் மூன்று வாரம் வகுப்பாசிரியரை மாற்றக் கூடாது, புள்ளிவிவரம் கேட்கக் கூடாது என்று அடியில் ஒரு குறிப்பு. மாதிரிப் படிவம் ஒன்றை நானும் சக ஆசிரியர்களும் தயாரித்து வைத்திருக்கிறோம். ஒரே பக்கம்தான். கேட்டால் அனுப்புகிறோம், முதலில் எங்கள் வகுப்புகளிலேயே வைத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை